பந்தாட்டப் பட்டாபிஷேகம்

அமெரிக்கர்கள் இங்கிலாந்து அரசருடைய ஆட்சி வேண்டாமென்று உதறித் தள்ளியது 1776-ம் வருஷத்தில். அது முதல் அந்தத் தேசத்தில் ராஜாவும் இல்லை, ராணியும் இல்லை. அரசாங்கம் யாருக்கும் பிரபுப் பட்டம் வழங்கக் கூடாது என்று அவர்களுடைய அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இவ்வளவு கட்டுக்காவல் செய்தும் ஓரிடத்தில் மட்டும் ராஜவம்சங்கள் புகுந்து வேரூன்றி விட்டன. அந்த இடம் பந்தாட்ட மைதானம்.

அங்கே தொழில்முறையாக விளையாடும் கோஷ்டி ஒவ்வொன்றும் ஓர் ஊரின் பெயரைத் தாங்கியிருக்கும். ஆனால் ஊருக்கும் அதற்கும் பெயரளவில்தான் பாத்தியதை. கோஷ்டி என்னவோ ஒரு தனி மனிதருக்கோ குடும்பத்துக்கோ சொந்தம். நன்செய் புன்செய்யைப் போல அதை விற்கலாம், வாங்கலாம், உயில் எழுதி வைக்கலாம். சிகாகோ நகரத்துக் 'கரடிகள்' என்னும் கால்பந்துக் கோஷ்டியை 1920-ம் வருஷம் முதல் வளர்த்தவர் ஜார்ஜ் ஹாலஸ். அவர் 1983-ல் காலமானதும் கோஷ்டி அவருடைய மகள் வர்ஜீனியா மக்காஸ்கிக்கு வந்தது. அந்த அம்மாள் 2025-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில், 102-வது வயதில் காலமாகும் வரையில் அதைக் கைவிடவில்லை. பிட்ஸ்பர்க் நகரத்தில் ரூனி வம்சம் 1933 முதல் பாட்டனார், மகன், பேரன் என்று மூன்று தலைமுறை கண்டிருக்கிறது. நியூயார்க்கில் மாரா வம்சம் அதற்கும் மூத்தது.

இந்த வம்சங்களின் சரித்திரத்தை எல்லாம் எழுதப் புகுந்தால் இதிகாசமாகிவிடும். ஒரே ஒரு குடும்பத்தின் கதையை எடுத்துக்கொள்வோம். மகாபாரதத்துக்கு வேண்டிய அம்சங்களெல்லாம் அதிலேயே இருக்கின்றன: கீர்த்தி பெற்ற தகப்பனார், ஆறு குழந்தைகள், பங்கு, பகை, கோர்ட்டு வழக்கு.

தகப்பனாருடைய பெயர் ஜெரி பஸ். வயோமிங் மாகாணத்தில் ஒரு சிற்றூரில் கஷ்ட ஜீவனத்தில் வளர்ந்தவர். படிப்பில் சூரர். இருபத்து நாலாவது வயதிலேயே ரஸாயனத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். பிறகு ஆயிரம் டாலர் போட்டு ஒரு குடியிருப்புக் கட்டிடத்தில் பங்கு வாங்கினார். அந்த ஆயிரம் பெருகி, வீடுகளும் நிலங்களுமாக விரிந்தது. 1979-ம் வருஷத்தில் அவர் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து 'லேக்கர்ஸ்' என்ற கூடைப்பந்துக் கோஷ்டி, ஓர் ஐஸ் ஹாக்கி கோஷ்டி, அவை விளையாடும் 'போரம்' அரங்கம், பதின்மூவாயிரம் ஏக்கர் பண்ணை எல்லாவற்றையும் சேர்த்து 6 கோடியே 75 லட்சம் டாலருக்கு வாங்கினார். ('லேக்கர்ஸ்' என்றால் ஏரிக்காரர்கள். கோஷ்டி 1960-ம் வருஷம் வரையில் ஏரிகள் நிறைந்த மின்னசோட்டா மாகாணத்தில் இருந்தது. ஏரிகளை அங்கேயே விட்டுவிட்டுப் பெயரை மட்டும் மூட்டை கட்டிக்கொண்டு வந்து விட்டார்கள்!)

பஸ் துரையின் காலம் அந்தக் கோஷ்டியின் பொற்காலம். மாஜிக் ஜான்ஸன், கரீம் அப்துல் ஜப்பார், கோபி பிரையன்ட், ஷகீல் ஓநீல் என்று சூரர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். அவருடைய முப்பத்து மூன்று வருஷ ஆட்சியில் பத்து முறை சாம்பியன் பட்டம் கிடைத்தது. ஆட்டத்தின் நடுவே சங்கீதமும் நாட்டியமும் வைத்து, சினிமா நட்சத்திரங்களை முன்வரிசையில் உட்கார வைத்து, பந்தாட்டத்தை ஒரு திருவிழாவாக்கியவர் அவர்.

பிள்ளைகளை அவர் பழக்கிய விதம் வேடிக்கையானது. நம் ஊர்ப் பணக்காரர்கள் பிள்ளைக்கு ஒரு கடை வைத்துக் கொடுப்பதுபோல், ஆளுக்கொரு கோஷ்டியைக் கொடுத்துப் பார்த்தார். உள்ளரங்கக் கால்பந்துக் கோஷ்டி ஒன்று மூத்த மகன் ஜானியிடம் போயிற்று, பிறகு அடுத்த மகன் ஜிம்மிடம் வந்தது, கடைசியில் மூடப்பட்டது. மகள் ஜீனிக்குப் பத்தொன்பது வயதிருக்கும்போது ஒரு டென்னிஸ் கோஷ்டியின் மானேஜர் வேலையைக் கொடுத்தார். வேறு வீட்டில் பிறந்திருந்தால் அந்த வயதுப் பெண்ணுக்கு அந்த வேலை கிடைத்திருக்குமா? கிடைத்திராது. இதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் ஜீனி அந்த வேலையிலிருந்து படிப்படியாக ஏறினாள். சில்லுக் காலணி ஹாக்கிக் கோஷ்டியை நடத்தினாள். போரம் அரங்கத்துக்குத் தலைவியானாள். 1999-ல் லேக்கர்ஸ் நிர்வாகத்தில் உதவித் தலைவியானாள். டிக்கெட்டு, விளம்பரம், ஒப்பந்தம், கணக்கு என்று வியாபாரத்தின் சகல சந்து பொந்துகளும் அவளுக்கு அத்துபடியாயின.

ஜிம்முக்குப் பிரியமான விஷயம் குதிரை. பந்தயக் குதிரைகளைப் பழக்கும் தொழிலில் சில வருஷங்களைக் கழித்தான். முப்பத்தெட்டு வயதை எட்டும் சமயத்தில், 1998-ல், தகப்பனார் அவனைக் கூடைப்பந்து இலாகாவில் கொண்டுவந்து அமர்த்தினார். எந்த ஆட்டக்காரரைச் சேர்ப்பது, எவரை விலக்குவது, யாருக்கு எவ்வளவு சம்பளம் என்று தீர்மானிக்கும் இலாகா அது. பெண்ணுக்கு வியாபாரம், பிள்ளைக்கு ஆட்டம் என்று தகப்பனார் ஏற்பாடு செய்தார்.

இங்கே நாம் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். சொந்தக்காரர் உட்காரும் நாற்காலி வேறு, தொழில் தெரிந்தவர் உட்காரும் நாற்காலி வேறு. முதல் நாற்காலி உயிலால் கிடைக்கும். சொத்துரிமை இருக்கும் வரையில் அதைத் தடுப்பதற்கில்லை. இரண்டாவது நாற்காலியை உயிலில் எழுதினால் விபரீதந்தான். ஆஸ்பத்திரியைக் கட்டியவர் அதை மகனுக்கு எழுதி வைக்கலாம். ரண சிகிச்சைக் கத்தியையும் அவன் கையில் கொடுக்கலாமா? புலிக்குப் பிறந்தது பூனையாகாது என்கிறார்கள். வாஸ்தவந்தான். ஆனால் எல்லாப் புலிக்குட்டிக்கும் ஒரே காட்டில் வேட்டையாடத் தெரியும் என்று யாரும் சொன்னதில்லையே!

2012-ம் வருஷம் நவம்பரில் இதன் முதல் விளைவு தெரிந்தது. ஐந்து ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் விலக்கப்பட்டார். அவருக்குப் பதிலாக பில் ஜாக்ஸன் திரும்பி வருவார் என்று ஊரே எதிர்பார்த்தது. லேக்கர்ஸுக்கு ஐந்து பட்டம் வாங்கித் தந்த மகா நிபுணர் அவர். ஜீனிக்கும் அவருக்கும் விவாகம் நிச்சயமாகும் தறுவாயில் இருந்தது. அப்படியிருக்க, ஒரு நாள் நள்ளிரவில் அவரைக் கூப்பிட்டு, வேறு ஒருவரை நியமித்தாகி விட்டது என்று டெலிபோனில் தெரிவித்தார்கள். அண்ணனுக்கும் தங்கைக்கும் இடையே விழுந்த விரிசல் அதன் பிறகு கூடவே இல்லை.

2013-ம் வருஷம் பிப்ரவரி 18-ந் தேதி ஜெரி பஸ் காலமானார். கோஷ்டியில் நூற்றுக்கு 66 பங்கு அவர் குடும்பத்தினுடையது. அதை ஒரு டிரஸ்டில் வைத்து, ஆறு குழந்தைகளுக்கும் சமமான ஓட்டுரிமை கொடுத்திருந்தார். பெண் என்பதற்காக ஒரு வீசம்கூடக் குறைக்கவில்லை. (நம் தமிழ்நாட்டில் பிதிரார்ஜிதத்தில் பெண்களுக்குச் சம பாகம் தரச் சட்டம் வந்தது 1989-ல், இந்தியா முழுவதற்கும் 2005-ல்.) அதோடு, லீக் சபையில் கோஷ்டியின் பிரதிநிதியாக ஜீனியே இருக்க வேண்டும் என்பதும் அவர் விருப்பம்.

தகப்பனார் மறைந்த பிறகு நடந்ததைத் தோல்விகளின் எண்ணிக்கையே சொல்லும். ஒவ்வொரு பருவத்திலும் 82 ஆட்டங்கள். 2013-14 பருவத்தில் 27 வெற்றி, 55 தோல்வி. அடுத்த பருவத்தில் 21 வெற்றி. அதற்கடுத்த பருவத்தில் 17 வெற்றி, 65 தோல்வி. கோஷ்டியின் சரித்திரத்திலேயே அவ்வளவு கேவலமான பருவம் இல்லை. அதற்கு முன் அறுபது வருஷத்துக்கு மேற்பட்ட காலத்தில் ஐந்தே ஐந்து முறைதான் இறுதிச் சுற்றுப் போட்டிகளுக்குத் தகுதி பெறாமல் போயிருக்கிறார்கள். இப்போது வருஷா வருஷம் அதே கதை. கால் நரம்பு அறுந்து சிகிச்சையில் இருந்த பிரையன்டுக்கு 4 கோடியே 85 லட்சம் டாலரில் இரண்டு வருஷ ஒப்பந்தம். அது பழைய சேவைக்கு நன்றி என்றாவது சமாதானம் சொல்லலாம். 2016-ம் வருஷக் கோடையில் மாஸ்காவ் என்பவருக்கு 6 கோடியே 40 லட்சம், டெங் என்பவருக்கு 7 கோடியே 20 லட்சம் என்று நாலு நாலு வருஷத்துக்கு எழுதிக் கொடுத்தார்களே, அதற்கு என்ன சமாதானம் சொல்வது? இருவரும் உச்ச நிலையைத் தாண்டி விட்டவர்கள் என்பது காலரியில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக்கூடத் தெரியும்.

காலரியில் உட்கார்ந்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். உயிலில் அவர்களுக்கு இடமில்லை. நஷ்டத்தில் மட்டும் பங்குண்டு. கடையில் சரக்கு மட்டமானால் அடுத்த கடைக்குப் போகலாம். பாட்டன் காலத்திலிருந்து நேசித்து வந்த கோஷ்டி மட்டமானால் எங்கே போவது? வாடிக்கைக்காரர்கள் விட்டுப் போக முடியாத இந்த ஒரு வியாபாரத்தில், சொந்தக்காரரின் பிள்ளையை வேலையை விட்டு நீக்க வீட்டுக்குள்ளேயிருந்துதான் யாராவது கிளம்ப வேண்டும்.

ஜீனிதான் கிளம்பினாள். மூன்று நாலு வருஷத்தில் கோஷ்டி தலை நிமிராவிட்டால் தானே விலகி விடுவதாக ஜிம் 2014-ல் பகிரங்கமாக வாக்களித்திருந்தான். தங்கை அந்தக் கெடு முழுவதும் தீரும் வரையில் காத்திருக்கவில்லை. 2017-ம் வருஷம் பிப்ரவரி 21-ந் தேதி அண்ணனை வேலையிலிருந்து நீக்கினாள். அவனோடு பொது மானேஜரையும் நீக்கி, மாஜிக் ஜான்ஸனை அந்த ஸ்தானத்தில் வைத்தாள். சில தினங்களுக்குள் ஜானியும் ஜிம்மும் பதிலடி கொடுத்தார்கள். டைரக்டர்கள் தேர்தலுக்கு அவர்கள் தயாரித்த ஜாபிதாவில் ஜீனியின் பெயரே இல்லை! விஷயம் கோர்ட்டுக்குப் போயிற்று. மார்ச்சு மாத முடிவில் ராஜி ஏற்பட்டது. ஜீனியே ஆயுள் பரியந்தம் கோஷ்டியின் தலைவி என்றும், டிரஸ்டிப் பதவியில் ஜிம்முக்குப் பதிலாக இளைய சகோதரி ஜேனி இருப்பதென்றும் முடிவாயிற்று.

2020-ம் வருஷம் அக்டோபரில் லேக்கர்ஸ் மறுபடியும் சாம்பியன் ஆனார்கள். இதைக் கொண்டு ஜீனி சொந்த பந்தங்களை ஒழித்துவிட்டாள் என்று நினைத்து விடவேண்டாம். ரத்த பந்தம் போன இடத்தில் சிநேக பந்தம் வந்தது. பிரையன்டின் ஏஜெண்டாக இருந்தவரே பொது மானேஜர். நெருங்கிய சிநேகிதி ஒருத்தி முக்கிய ஆலோசகி. 2024-ல் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தபோது, 58 பேரில் 55-வதாக, தங்கள் நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸின் மகனையே எடுத்துக் கொண்டார்கள். அந்த வருஷம் அக்டோபர் 22-ந் தேதி தகப்பனும் மகனும் ஒரே கோஷ்டியில் சேர்ந்து களம் இறங்கினார்கள். அந்த லீகில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. பார்ப்பதற்கு ஆனந்தமான காட்சிதான். ஆனால் 55-வது இடத்தைத் தவற விட்ட வேறொரு பையனுடைய தகப்பனார் அதை எப்படிப் பார்த்தாரோ!

இதையெல்லாம் அமெரிக்க விசித்திரம் என்று ஒதுக்கிவிட நமக்கு யோக்கியதை இல்லை. நம் சென்னைக் கிரிக்கெட் கோஷ்டியின் விவகாரம் நேயர்களுக்கு ஞாபகமிருக்கும். 2013-ல் சொந்தக்காரக் கம்பெனித் தலைவரின் மாப்பிள்ளை பந்தயச் சூதாட்டக் குற்றச்சாட்டில் கைதானார். அவர் சொந்தக்காரரும் அல்ல, நிர்வாகியும் அல்ல, கௌரவ அங்கத்தினர்களில் ஒருவர்தான் என்று கம்பெனி சொல்லிற்று. கோஷ்டியின் அதிகாரிகளில் அவரும் ஒருவரே என்று சுப்ரீம் கோர்ட்டு 2015 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அந்த ஜூலையில் கோஷ்டி இரண்டு வருஷம் தள்ளி வைக்கப்பட்டது. மாப்பிள்ளைக்குக் கொடுத்த செல்லத்துக்கு, 2016-லும் 2017-லும் சென்னை ரசிகர்கள் வெறும் மைதானத்தைப் பார்த்துக் கொண்டிருந்தார்கள்.

வேறு வழியே கிடையாதா என்றால், அதே அமெரிக்காவில் விஸ்கான்ஸின் மாகாணத்தில் கிரீன் பே என்ற சின்ன ஊர் இருக்கிறது. அங்குள்ள கால்பந்துக் கோஷ்டி 1923 முதல் ஜனங்களுக்குப் பங்கு விற்று நடந்து வருகிறது. பங்குதாரர்கள் ஐந்து லட்சத்துக்கு மேல். லாப ஈவு கிடையாது, பங்கை விலைக்கு விற்கவும் கூடாது. குடும்பத்தாருக்கு விட்டுச் செல்ல மட்டும் அனுமதி உண்டு. பட்டாபிஷேகம் வேண்டுமானால் அங்கே ஐந்து லட்சம் பேருக்கும் நடத்தலாம்! இப்படி இன்னொரு கோஷ்டி கிளம்பி விடக் கூடாதென்று அந்தக் கால்பந்து லீக் விதி செய்து தடுத்து வைத்திருக்கிறது. முதலாளிகள் கூடிச் செய்த விதி வேறெப்படி இருக்கும்?

பஸ் குடும்பத்துக்கு வருவோம். மற்றக் கோஷ்டிகளை மகா கோடீசுவரர்கள் வாங்கத் தொடங்கினார்கள். அதே ஊரிலுள்ள 'கிளிப்பர்ஸ்' 2014-ல் 200 கோடி டாலருக்கு விலை போயிற்று. பஸ் குடும்பத்துக்கோ பிழைப்பே அந்த ஒரு கோஷ்டிதான். ஆறு பங்கு நாளைக்குப் பேரன் பேத்திகளிடம் எத்தனை துண்டாகுமோ? 2025-ம் வருஷம் ஜூனில், கோஷ்டிக்கு ஏறக்குறைய 1000 கோடி டாலர் மதிப்புப் போட்டு, பெரும் பங்கை மார்க் வால்டர் என்ற தனவந்தருக்கு விற்க ஒப்பினார்கள். அக்டோபர் 30-ந் தேதி லீக் சம்மதித்தது. இன்னும் ஐந்து வருஷமாவது லீக் சபையில் ஜீனியே பிரதிநிதியாக இருப்பது என்பது பேச்சு.

அடுத்த மாதமே இளைய சகோதரர்கள் ஜோயி, ஜெஸ்ஸி இருவரும் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். ஜெஸ்ஸி வெகு காலம் புது ஆட்டக்காரர்களைத் தேடும் இலாகாவில் உழைத்தவன். 2017-ல் 27-வது இடத்தில் குஸ்மா என்னும் பையனைப் பொறுக்கியெடுத்ததற்காக அந்த இலாகாவை ஊரார் மெச்சினார்கள். ஆறு பேரிலும் ஆட்டம் தெரிந்தவன் இவன்தான் என்று சொல்லுகிறவர்கள் லாஸ் ஏஞ்சலிஸில் உண்டு.