குட்டி யானைக்குப் புது இன்ஜின் தேவையா?

டாடா நிறுவனம் 2005 மே மாதம் ‘ஏஸ்’ வண்டியை இறக்கியபோது அதன் இன்ஜின் 702 சி.சி.; இரண்டே சிலிண்டர், 16 குதிரைத்திறன். முக்கால் டன் ஏற்றலாம் என்று நிறுவனம் சொன்னது. அதற்கு மேல் எவ்வளவு தாங்கும் என்பதை நம் ஊர்க்காரர்கள் தாங்களே கண்டுபிடித்துக்கொண்டு, ‘குட்டி யானை’ என்று பெயரும் வைத்துவிட்டார்கள். 2011இல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்டின் ‘தோஸ்த்’ வந்தது. மஹிந்திராவின் பொலிரோ பிக்கப் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. தாம்பரம், முடிச்சூர், பெருங்களத்தூர், மேடவாக்கம் என்று சென்னையின் தெற்குப் புறநகர் வளர்ந்த வேகத்துக்குத் தண்ணீர் கேனும் எம்-சாண்டும் கோயம்பேட்டுக் காய்கறியும் வீடு மாறுகிறவர்களின் கட்டில் பீரோவும் இந்த வண்டிகளில்தான் போய்ச் சேர்ந்தன. அன்று வாங்கிய வண்டிகளில் பல இன்று பத்து, பதினைந்து வயதைத் தாண்டி, ஜி.எஸ்.டி. சாலை மேம்பாலம் ஏற மூச்சு வாங்குகின்றன. “இன்ஜின் போச்சு சார், மாத்திடுங்க” என்று மெக்கானிக் சொல்லும் இடத்தில் உரிமையாளர் இன்ஜினையே உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். பார்க்க வேண்டியது மீதி வண்டியை. ஒரு பிக்கப் வண்டியில் முழுமையாகப் புதுப்பிக்கக்கூடிய பாகம் இன்ஜின்தான். அதைச் சுமக்கும் சேஸிஸை அப்படிப் புதுப்பிக்க முடியாது. எனவே இன்ஜினுக்குச் செலவு செய்யலாமா என்ற கேள்விக்குப் பதில் பெரும்பாலும் இன்ஜினுக்கு வெளியேதான் கிடைக்கிறது.

முதலில் டீசல் இன்ஜின் எப்படித் தேய்கிறது என்று பார்ப்போம். அதில் ஸ்பார்க் பிளக் கிடையாது. உள்ளே இழுத்த காற்றை அதன் பருமனில் பதினாறில் ஒரு பங்காக, சில இன்ஜின்களில் இருபத்திரண்டில் ஒரு பங்காக, பிஸ்டன் நெருக்குகிறது. அந்த நெருக்கத்திலேயே காற்றின் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். அதில் தூவப்படும் டீசல் தானாகப் பற்றிக்கொள்ளும். பெட்ரோல் இன்ஜினில் கம்ப்ரஷன் குறைந்தால் இழுவை மட்டும் குறையும். டீசலில் நெருப்பே சரியாகப் பிடிக்காது. காலையில் செல்ஃப் அடித்து அடித்து பேட்டரி இறங்குவதும், பிடித்தவுடன் வெள்ளைப் புகை கக்குவதும் இதனால்தான். பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே நழுவும் வாயு கீழே ஆயில் தொட்டிக்குள் இறங்குகிறது. பட்டறைகளில் இதை ‘பேக் கம்ப்ரஷன்’ என்பார்கள். இதைப் பார்க்கக் கருவிகூட வேண்டாம். இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திருகிக் கழற்றி, அதே ஓட்டையின் மேல் கவிழ்த்து வைத்தால் போதும். நல்ல இன்ஜினில் மூடி லேசாக அதிர்ந்தபடி உட்கார்ந்திருக்கும். தேய்ந்த இன்ஜினில் துள்ளித் துள்ளி ஓரத்துக்கு நகர்ந்து கீழே விழும். ஓட்டையிலிருந்து நீராவி போல ஆயில் புகை விட்டுவிட்டு வரும்.

சிலிண்டர் எங்கும் ஒரே அளவாகத் தேய்வதில்லை. பிஸ்டன் மேலே போய்த் திரும்பும் இடத்தில் கண நேரம் நிற்கிறது. அங்கே ஆயில் படலம் மிக மெல்லியது, சூடோ மிக அதிகம். முதல் ரிங் உரசும் அந்த வளையத்தில்தான் பள்ளம் விழும். கிழிந்த ஏர் ஃபில்டர் வழியே தூசி உள்ளே போனால் இந்தத் தேய்மானம் பல மடங்காகும். அதிலும் பல்லாவரம், திரிசூலம், பம்மல் பக்கத்துக் கல்தூசி தனி ரகம். அங்குள்ள மலைப்பாறையின் பெயர் சார்னோக்கைட். அதில் குவார்ட்ஸ் உண்டு. மோஸ் கடினத்தன்மை அளவில் குவார்ட்ஸ் 7. சிலிண்டரின் வார்ப்பிரும்பு அதைவிட வெகுவாக மிருது. ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றி ஓடுகிற வண்டிக்கு ஏர் ஃபில்டரில் மிச்சம் பிடிக்கும் சில நூறு ரூபாய், நேராக சிலிண்டர் சுவரில் செலவாகிறது.

ஆனால் மூச்சு வாங்கும் வண்டியில் எல்லாம் சிலிண்டர்தான் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது, அவ்வளவுதான். அந்த ஆயில் ரிங் வழியே மேலே ஏறியிருக்கலாம், வால்வு சீல் வழியே இறங்கியிருக்கலாம், டர்போ உள்ள வண்டியில் டர்போவின் ஆயில் சீல் கிழிந்தும் வந்திருக்கலாம். டர்போவை மாற்றினால் தீர்கிற கோளாறுக்கு இன்ஜினையே இறக்கினால் செலவு எங்கோ போய்விடும். கறுப்புப் புகை என்பது டீசலுக்கு ஈடாகக் காற்று இல்லை என்பதன் அடையாளம்; அடைத்த ஃபில்டரோ ஒழுகும் இன்ஜெக்டரோ காரணமாக இருக்கும். தோஸ்த் போன்ற காமன் ரெயில் இன்ஜின்களில் இன்ஜெக்டரின் உள்பாகங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி சில மைக்ரான்தான். கொஞ்சம் தண்ணீர் கலந்த டீசல் அதைக் கெடுத்துவிடும். அப்புறம் வண்டி கிழட்டு இன்ஜின் போலவே தடுமாறும். எனவே இன்ஜினை இறக்கச் சம்மதிக்கும் முன் கேட்டு வாங்க வேண்டியவை இரண்டு. ஒன்று, ஒவ்வொரு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் அளவு. சிலிண்டருக்குச் சிலிண்டர் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கவனிக்க வேண்டும். இரண்டாவது, லீக் டெஸ்ட். பிஸ்டனை மேலே நிறுத்தி, சிலிண்டருக்குள் கம்ப்ரஸர் காற்றை ஏற்றி, எங்கே சீறுகிறது என்று காது கொடுத்துக் கேட்பது இது. ஆயில் மூடியில் சத்தம் கேட்டால் ரிங். சைலன்ஸரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. ஏர் ஃபில்டர் பக்கம் கேட்டால் இன்டேக் வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட். சிலிண்டருக்குள் ஆயில் ஊற்றிக் கம்ப்ரஷன் பார்க்கும் பழைய பெட்ரோல் வண்டி வழக்கம் டீசலுக்குப் பொருந்தாது. டீசலில் பிஸ்டனுக்கு மேலுள்ள இடம் மிகச் சிறியது. ஊற்றிய ஆயிலே அந்த இடத்தை அடைத்துக்கொண்டு பொய்க் கணக்குக் காட்டும்.

சரி, தேய்ந்தது சிலிண்டர்தான் என்று உறுதியாகிவிட்டது. அப்போதும் இன்ஜின் செத்துவிடவில்லை. லேத் பட்டறையில் சிலிண்டரை அரை மில்லிமீட்டர் பெரிதாகக் குடைந்து, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். குடைய இடம் இல்லையென்றால் ஸ்லீவ் இறக்கி மறுபடி பழைய அளவுக்கே கொண்டுவரலாம். கிராங்கைச் சாணை பிடித்து அண்டர்சைஸ் பேரிங் போடலாம். வளைந்த ஹெட்டை இழைத்து மட்டமாக்கலாம். இத்தனை தடவை புதுப்பிறவி எடுக்கும் வசதி சேஸிஸுக்குக் கிடையாது. அதனால்தான் தீர்ப்புச் சொல்லும் இடம் வண்டிக்கு அடியில் இருக்கிறது. கேபின் தரைத்தகடு விரலால் அழுத்தினால் உள்ளே போகிறதா, பட்டா ஸ்பிரிங் மாட்டியிருக்கும் பிராக்கெட் பக்கம் பழைய வெல்டிங் தெரிகிறதா, குறுக்குச் சட்டத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முக்கால் டன் வண்டியில் ஒன்றரை டன் ஏற்றிய ஆண்டுகளின் கணக்கு அங்கேதான் எழுதியிருக்கும். கேளம்பாக்கம், கோவளம் பக்கம் ஓடிய வண்டியென்றால் உப்புக்காற்றின் கணக்கும் சேரும். எட்டு வயதைத் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எனும் தகுதிச் சான்று எடுக்க வேண்டும், பதினைந்தைத் தாண்டினால் 2022 ஏப்ரலிலிருந்து கட்டணமும் கூடிவிட்டது. அடுத்த மூன்று எஃப்.சி.யை இந்த உடம்பு தாண்டுமா? தாண்டும் என்றால் இன்ஜினுக்குச் செலவு செய்யலாம். தாண்டாது என்றால், இனாமாகக் கிடைக்கும் இன்ஜினும் அதற்கு வீண்தான்.

இங்கே ஓர் ஆட்சேபம் வரும். வண்டியை விற்றாலே ஒன்றேகால் லட்சம்தான் கிடைக்கும், அதற்குப் போய் அறுபதாயிரம் செலவா என்பார்கள். விற்பனை விலையில் பாதியை ரிப்பேர் நெருங்கினாலே தள்ளிவிடு என்ற கணக்கு, வீட்டில் நிற்கும் காருக்கு ஒருவேளை சரிப்படலாம். வாடகைக்கு ஓடும் வண்டிக்குச் சரிப்படாது. ஏனென்றால் விற்பவர் அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு சும்மா இருக்கப்போவதில்லை. அதே லோடுக்கு வேறொரு வண்டி வாங்க வேண்டும். ஒப்பிட வேண்டியது அந்த வண்டிக்கு ஆகும் செலவோடு. சொல்லுக்கு ஒரு கணக்கு போடுவோம். புது வண்டிக்கு ஆறு லட்சம் கடன், பத்தரை சதவீத வட்டி, ஐந்து வருஷம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 12,900 ரூபாய். அறுபதாயிரம் செலவில் செய்த இன்ஜின் வேலை மூன்று வருஷம் தாங்கினால் மாதத்துக்கு 1,670 ரூபாய்கூட ஆகாது. புது வண்டி மைலேஜ் கொடுக்குமே என்றால், கொடுக்கட்டும்: லிட்டருக்கு 16 கிலோமீட்டர் என்பது 20 ஆனால், தினம் 60 கிலோமீட்டர் ஓடுபவருக்கு முக்கால் லிட்டர் மிச்சம். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் மாதம் 25 நாளுக்கு 1,725 ரூபாய். தவணைக்கு அது எந்த மூலைக்கு? தினம் 250 கிலோமீட்டர் ஓடுபவருக்கு மிச்சம் ஏழாயிரத்தைத் தாண்டும். அதோடு பழைய வண்டி வழியில் நின்றால் லோடும் போய், பார்ட்டியும் போய்விடும். அவருக்குப் புது வண்டிதான் லாபம். பெருங்களத்தூரைச் சுற்றித் தண்ணீர் கேன் போடுபவருக்கும் ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு நாள் முழுக்க ஓடுபவருக்கும் ஒரே பதிலைச் சொல்லும் மெக்கானிக்கை நம்ப வேண்டியதில்லை.

அடுத்த ஆட்சேபம், பழைய வாகனப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டை. இன்ஜின் வேலைக்கு ஆகும் காசில் அங்கே ஓடும் நிலையில் ஓர் இன்ஜினையே தூக்கி வந்துவிடலாமே, இரண்டு நாளில் வண்டி ரோட்டுக்கு வந்துவிடுமே என்பது நியாயமான கேள்வி. விபத்தில் நொறுங்கிய இளவயது வண்டியின் இன்ஜின் என்றால் அது நல்ல சரக்குதான். ஆனால் அது அப்படிப்பட்டதா, நம்முடையதைப் போலவே கழற்றிப் போடப்பட்டதா என்பதைத் தரையில் கிடக்கும் இன்ஜினைப் பார்த்துச் சொல்ல முடியாது. மேலே கழுவி பெயின்ட் அடித்திருந்தால் சுத்தமாக முடியாது. காமன் ரெயில் என்றால் இன்ஜினின் கணினியான இ.சி.எம்., இன்ஜெக்டர் கோடு எல்லாம் பொருந்த வேண்டும். கடைசியாக, இன்ஜின் நம்பர். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி மாற்றிய 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.விடம் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். பில் இல்லாத இன்ஜினுக்கு அங்கே என்ன காட்டுவது? அது திருட்டு வண்டியின் இன்ஜின் என்று பின்னால் தெரிந்தால் கேள்வி நம்மிடம்தான் வரும். குடைந்து ஓவர்சைஸ் போட்ட சொந்த இன்ஜினில் இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. நம்பர் பழைய நம்பர்தான்.

மூன்றாவது ஆட்சேபம் கொஞ்சம் கனமானது. பழைய இன்ஜினுக்கு உயிர் கொடுத்துக்கொண்டே இருந்தால் தெருவில் மூச்சு விடுபவர் கதி என்ன? சென்னைக்கு பி.எஸ்.-4 விதி 2010இல் வந்தது; 2020 ஏப்ரல் முதல் நாடு முழுக்க பி.எஸ்.-6. டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. டீசல் வண்டிகளுக்குக் கரித்துகள் வடிகட்டியும் சேர்ந்தது. நன்றாக வேலை பார்த்த பழைய இன்ஜின், தேய்ந்து நீலமாய்க் கக்கியதைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் அது பி.எஸ்.-6 ஆகிவிடாது, இந்த ஆட்சேபத்தை முழுதாக மறுக்க முடியாது. குறுகிய சுற்றில் தினம் ஒரே வழியாகப் போய் ராத்திரி ஒரே இடத்தில் நிற்கும் வண்டிக்கு மின்சார வண்டி உண்மையிலேயே நல்ல வழி; டாடாவே 2022இல் ஏஸின் மின்சார வடிவத்தை அறிமுகப்படுத்தியது. முதல் போடக்கூடியவர் அதற்குப் போகட்டும். முடியாதவர், புகை விட்டபடி இன்னும் ஒரு வருஷம் ஓட்டிப் பார்ப்பதைவிட இன்ஜின் வேலையை உடனே முடிப்பது தெருவுக்கும் நல்லது.

இன்ஜினைக் கெடுத்த காரணத்தை விட்டுவிட்டு இன்ஜினை மட்டும் சரிசெய்யும் பழக்கமும் நம்மிடம் உண்டு. கூலன்ட்டுக்குப் பதில் போர் தண்ணீர் ஊற்றிய ரேடியேட்டரை அப்படியே மாட்டினால், உப்புப் படிந்த குழாய்கள் புது பிஸ்டனையும் சூட்டிலேயே வைத்திருக்கும். ஹெட் மறுபடி வளையும். ரேடியேட்டர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ஏர் ஃபில்டர் ஹோஸ் இவற்றின் செலவும் இன்ஜின் வேலையின் பில்லில் இருந்தாக வேண்டும்.

கேள்வியே இல்லாமல் சிலிண்டர் பிளாக்கை மாற்ற வேண்டிய நிலையும் ஒன்று உண்டு. வெள்ளத்தில் வருவது அது. 2015 டிசம்பரில் அடையாறு புரண்டு முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின; 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இப்பகுதி தண்ணீரில் நின்றது. காற்றை நெருக்கலாம், தண்ணீரை நெருக்க முடியாது. சிலிண்டரில் தண்ணீர் இருக்கும்போது செல்ஃப் அடித்தால் பிஸ்டன் பாதியிலேயே முட்டி நிற்கும். கனெக்டிங் ராடு வளையும். நன்றாக வளைந்தால் அன்றே பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். அப்படிப்பட்ட பிளாக்கை ஒட்டவைத்துப் பார்ப்பதைவிட பிளாக், கிராங்க், பிஸ்டன் சேர்ந்த ஹாஃப் இன்ஜின் வாங்குவதே கட்டுப்படியாகும். கொஞ்சமாக வளைந்தால் வண்டி ஓடும். அந்த ஒரு சிலிண்டரில் மட்டும் கம்ப்ரஷன் குறைந்து, சுவர் ஒரு பக்கமாகத் தேய்ந்துகொண்டே போகும். பல மாதம் கழித்து அது வெறும் ரிங் தேய்மானம் போலவே தெரியும். ரிங் மாற்றினால் தீராது. வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று தெரியாமல் பழைய பிக்கப் வாங்கியவர், ஹெட்டைத் திறக்கும் நாளில் ஒவ்வொரு பிஸ்டனையும் உச்சிக்குக் கொண்டுவந்து பிளாக் மட்டத்திலிருந்து அதன் உயரத்தை டயல் கேஜில் அளக்கச் சொல்ல வேண்டும். எல்லாப் பிஸ்டனும் ஒரே உயரம் ஏற வேண்டும். ஒன்று மட்டும் அரை மில்லிமீட்டர் தாழ்ந்து நின்றால், அந்த ராடு ஒருநாள் தண்ணீரை நெருக்கப் பார்த்திருக்கிறது.