குடும்பப் படமும் கத்தரிக்கோலும்

பிடோக் நீர்த்தேக்கம் முன்னாளில் மணல் அகழ்ந்த பள்ளம். 1986இல் நீர்நிலையாக உருப்பெற்றது. விடுமுறை நாள்களில் அதன் கரையில் தாத்தா முதல் கைக்குழந்தை ஈறாகப் பன்னிருவர், பதின்மூவர் வரிசையாக நின்று கைப்பேசியில் படமெடுத்துக்கொள்வது இயல்பான காட்சி. அப்படத்தை வீட்டிற்குச் சென்று பெரிதாக்கிப் பார்க்குங்கால் குறைகள் புலனாகும். பாதிக்கு மேல் வானமே இருக்கும். நீர்விளிம்பு ஒருபக்கம் சாய்ந்திருக்கும். மூலையில் யாரோ மிதிவண்டியில் போவார். கதிரவன் பின்னே இருந்தமையால் முகங்கள் இருண்டிருக்கும். சித்தப்பாவின் கண்கள் மூடியிருக்கும். இவற்றைத் திருத்த இயலுமோ எனின், இயலும். எதுவரை திருத்தலாம் என்பதே ஆராயத்தக்கது.

படத்தைத் திருத்துங் கலை கணினியோடு பிறந்ததன்று. 1855இல் பாரிசில் நடந்த உலகப் பொருட்காட்சியில் மூனிக் நகரத்து ஹான்ஃப்ஸ்டெங்கல் என்பார், திருத்தும் முன்னும் திருத்திய பின்னும் எடுத்த ஒரே முகத்தின் படங்களைக் காட்டி மக்களை வியக்க வைத்தார். தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் இவ்வேலைக்கு ‘டச்சிங்’ என்றே பெயர். நெகட்டிவின்மீது மெல்லிய வார்னிஷ் தடவி, ஊசிபோற் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக நிரப்புவர். நெகட்டிவில் கருமை வெண்மையாகவும் வெண்மை கருமையாகவும் மாறியிருக்குமாதலால், பென்சில் பட்ட இடம் அச்சில் வெளுத்துத் தோன்றும். சுருக்கமும் அம்மைத் தழும்பும் இவ்வாறே மறைந்தன. முகத்தை வெளுப்பாக்குதல் பென்சிலுக்கு எளிய வேலை. ஓரிடத்தைக் கருமையாக்க வேண்டுமாயின் கத்தியால் நெகட்டிவைச் சுரண்ட வேண்டும். அது கைதேர்ந்தவர்க்கே கூடும். கை தவறினால் படமே பாழ். மறைந்துபோன பெரியவரின் உருவைப் பழைய படத்திலிருந்து கத்தரித்தெடுத்து, குடும்பத்தார் நடுவே ஒட்டி, மீண்டும் படமாக்கித் தருவதும் இந்திய ஸ்டூடியோக்களில் வழக்கமாயிருந்தது. 1990இல் போட்டோஷாப் என்னும் மென்பொருள் விற்பனைக்கு வந்தபோது பென்சிலும் கத்தியும் கணினித் திரைக்குள் புகுந்தன. செய்யும் வேலை பழையதே.

இனி, கத்தரித்தலைக் காண்போம். மூட்டில் வெட்டலாகாது என்பது படக்காரர் அனைவரும் கூறும் விதி. மணிக்கட்டிலோ முழங்காலிலோ கணுக்காலிலோ படத்தின் விளிம்பு வந்து முடிந்தால் உறுப்பு அறுபட்டதுபோல் தோன்றும். தொடையின் நடுவிலோ இடுப்பிலோ முடிந்தால் கண் அதனை ஏற்றுக்கொள்ளும். தலைக்கு மேல் சிறிது வெளி வேண்டும். சாய்ந்த நீர்விளிம்பை நேராக்கும்போது படத்தின் நான்கு மூலைகளும் சிறிது போய்விடும். ஆதலின் முதலில் நேராக்கி, பின்னரே வெட்டுதல் முறை.

இதனினும் பெரிய இடர் சட்டத்தின் அளவில் இருக்கிறது. 6000 புள்ளி நீளமும் 4000 புள்ளி உயரமும் உள்ள படம் 3க்கு 2 என்னும் விகிதத்தது. கடையில் கிடைக்கும் 10 அங்குலத்துக்கு 8 அங்குலச் சட்டமோ 5க்கு 4. அச்சட்டத்துள் முழு உயரத்தையும் வைத்தால் நீளத்தில் 5000 புள்ளிகளே அடங்கும். ஆறில் ஒரு பங்கு போய்விட்டது! வரிசையின் இரு கோடியிலும் நிற்பவர்கள் அந்த ஆறில் ஒரு பங்கில்தான் இருக்கிறார்கள். அங்கே நிற்பவர் பெரும்பாலும் யார்? புதிதாக வந்த மருமகன், கடைசியில் ஓடிவந்து சேர்ந்த அத்தை மகன், ‘நான் எதற்கு’ என்று ஒதுங்கியவரைப் பிள்ளைகள் இழுத்து நிறுத்திய அண்டை வீட்டு அம்மா. நடுவில் அமர்ந்த தாத்தாவை எந்தக் கத்தரியும் தொடுவதில்லை. ஒருவரை வெட்டித்தான் படம் அழகுபெறும் எனின், படத்தை விட்டுவிட்டுச் சட்டத்தை மாற்றிக்கொள்வதே தகும். 12க்கு 8 அங்குலச் சட்டத்தில் அப்படம் முழுமையும் பொருந்தும்.

வானத்தையும் தரையையும் குறைக்க அஞ்ச வேண்டுவதில்லை. அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கொண்டால், 10க்கு 8 அங்குல அச்சுக்கு 3000க்கு 2400 புள்ளி போதும். மேற்சொன்ன படத்தில் மூன்றில் ஒரு பங்குகூட வேண்டியதில்லை.

மூடிய கண்ணுக்கு மருந்து, கருவியை அசையாமல் நிறுத்தி நான்கைந்து படம் எடுத்து வைத்தல். ஒன்றில் திறந்திருக்கும் சித்தப்பாவின் முகத்தை மற்றொன்றில் பொருத்துவது இன்று சில நிமிட வேலை. இதில் பொய்யொன்றுமில்லை; இரண்டும் ஒரே நேரத்து முகங்களே.

இருண்ட முகத்தைத் தெளிவாக்குதல் வேறு. நிறத்தை மாற்றுதல் வேறு. பின்னொளியால் வந்த இருளை நீக்க நிழற்பகுதியை மட்டும் சிறிது உயர்த்தினால் கண்ணும் புன்னகையும் தெளியும். மிக உயர்த்தினால் மணல் தூவியதுபோற் புள்ளிகள் எழும். ஆனால், கைப்பேசிகளில் உள்ள ‘அழகூட்டும்’ வசதி கேளாமலே தோலை வழவழப்பாக்கி வெளுப்பித்தும் விடுகிறது. பாட்டியின் மாநிறமும் பேத்தியின் கருநிறமும் ஒரே வெளுப்பாகி நிற்கும் படத்தில், பேத்தி பாட்டியைப்போல் இருக்கிறாள் என்று சொல்ல என்ன இருக்கிறது? அக்குழந்தை பின்னாளில் அப்படத்தைப் பார்த்து, தன் நிறம் திருத்தத்தக்க குறையென்று வீட்டார் எண்ணினர் போலும் என்று கருத இடமுண்டு. அவ்வசதியை முதலிலேயே அணைத்துவிடுதல் நலம்.

பின்னணியை அழிப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். மிதிவண்டிக்காரரை நீக்கலாம், அவர் வேண்டுவதும் அதுவே. பழைய படங்களிலோ பின்னணி முகத்துக்கு நிகரான செல்வம். கிழக்குக் கரையோரத்தில் 1966இல் தொடங்கிய நிலமீட்புக்குப் பிடோக், சிக்லாப் பகுதிக் குன்றுகளை வெட்டிய மண் பயன்பட்டது. அதற்குமுன் பிடோக் கடற்கரையில் எடுத்த குடும்பப் படமொன்று எவர் வீட்டிலேனும் இருக்குமாயின், அதன் ஓரத்தில் தெரியும் அலையும் குன்றும் இன்று அவ்விடத்தில் இல்லை. முகங்களை மட்டும் வெட்டியெடுத்துப் புதிய சட்டத்தில் இட்டவர், ஊரின் பழைய கரையைக் குப்பையில் இட்டவராவர்.

ஹில் ஸ்திரீட்டில் இருந்த லீ பிரதர்ஸ் ஸ்டூடியோ 1910களிலும் 1920களிலும் எடுத்த படங்கள் பல இன்று தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. பட்டும் நகையும் மடிப்பும் துலங்க நிற்கும் அம்மக்களுள் பலருடைய பெயர் தெரியவில்லை. வீட்டுப் படங்களுக்கும் அந்நிலை வருதல் அரிதன்று. ஆகவே பழைய அச்சுப்படத்தைக் கத்தரிக்கோலால் தொடவே கூடாது. ஸ்டூடியோவின் பெயர் பொறித்த அட்டை விளிம்பையும், பின்புறத்து எழுத்தையும் சேர்த்து, அங்குலத்துக்கு 600 புள்ளி அளவில் வருடியெடுத்து, டிஃப் வடிவில் சேமிக்க வேண்டும். ஜேபெக் வடிவில் திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் நுட்பம் தேயும். வெட்டலும் திருத்தலும் நகலில் மட்டுமே நிகழட்டும். அந்நகலை அச்சிட்டபின், பின்புறத்தில் மென்பென்சிலால் இடமிருந்து வலமாகப் பெயரும் முறையும் ஆண்டும் எழுத வேண்டும். ‘பெரியம்மா’ என்று மட்டும் எழுதினால் ஐம்பது ஆண்டு கழித்து எவருக்குப் பெரியம்மா என்று கேட்பார்கள்.