முதலில் கிளை, பிறகு குருவி

வீட்டுத் தோட்டத்தில் கேமராவோடு இறங்குகிறவர்கள் பெரும்பாலும் பறவையைத் துரத்துகிறார்கள். தேன்சிட்டு முருங்கையில் உட்கார்ந்தால் அங்கே ஓட்டம், செம்பருத்திக்குத் தாவினால் இங்கே ஓட்டம். கடைசியில் சிக்குவது இலைகளுக்கு நடுவே ஒரு வால். கிளையையும் அதன் பின்னணியையும் முதலில் முடிவுசெய்துவிட்டுக் காத்திருப்பதே சரியான வழி.

தேன்சிட்டு பத்து சென்டிமீட்டர்தான் இருக்கும். பூத்த செடிக்குத் திரும்பத் திரும்ப வரும். அமரும் காம்பும் பல நேரம் அதேதான். அந்தக் காம்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். துணிக்கொடியும் வெள்ளைச் சுவரும் என்றால் குருவி எவ்வளவு அழகாக அமர்ந்தாலும் படம் தேறாது. இரண்டடி நகர்ந்தால் தூரத்து வேம்பு பின்னணிக்கு வந்துவிடலாம். பறவைக்கும் பின்னணிக்கும் இடைவெளி கூடக் கூட, பின்னால் இருப்பது கலங்கி ஒரே பச்சையாகும். இதற்கு விலையுயர்ந்த லென்ஸ் தேவையில்லை, 300 மி.மீ. போதும்.

ஆண் ஊதாத் தேன்சிட்டு நிழலில் வெறும் கறுப்பாகத் தெரியும். அதன் மினுமினுப்புக்குக் காரணம் நிறமி மட்டுமல்ல, இறகின் நுண்ணிய அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளி. ஆகவே காலை வெயில் உங்கள் முதுகில் விழட்டும். அது தலையைத் திருப்பும் நொடியில் ஊதாவும் நீலமும் பளிச்சிடும். ஷட்டர் வேகம் 1/1000 நொடிக்குக் குறைய வேண்டாம். ஃபோகஸ் கண்ணில் இருக்கட்டும். கண் மங்கினால் படமே போயிற்று.

சட்டகத்தைப் பறவையின் உடல்வாகுதான் சொல்லும். தையல்சிட்டு வாலை நிமிர்த்தி நிற்கும். கேமராவைச் செங்குத்தாகப் பிடியுங்கள். கொண்டைக்குருவிக்குத் தலைக்கு மேலே இடம் வேண்டும். எந்தப் பறவையானாலும் அலகுக்கு முன்னால் காலியிடம் விடுங்கள். தரையில் இரை தேடும் தவிட்டுக்குருவியை நின்றபடி எடுத்தால் முதுகு மட்டுமே தெரியும். மண்ணில் படுத்து அதன் கண்மட்டத்துக்கு வாருங்கள்.

காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்துப் பெயர்பெற்றவர் மா. கிருஷ்ணன் (1912–1996). உங்கள் படத்தையும் ஒருமுறை வண்ணம் நீக்கிப் பாருங்கள். அப்போதும் நிற்கிறதென்றால் அமைப்பு சரி.

ஒரே ஒரு வேண்டுகோள். வராந்தாக் கம்பியில் தேன்சிட்டு கூடு கட்டினால் கேமராவை உள்ளே வையுங்கள். படத்துக்காக இலையை விலக்கினால் காக்கைக்கும் பூனைக்கும் வழிகாட்டியதாகிவிடும். தாய்க்குருவி கூட்டுக்குத் திரும்ப அஞ்சும். குஞ்சுகள் பறந்துபோகும்வரை பொறுத்திருங்கள்.