சொத்துப்பட்டியலும் மண்ணடிச் சான்றும்: காலனிய அமெரிக்காவின் அன்றாட வாழ்வை அறியும் முறை

முன்னுரை

1607இல் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனில் நிலையான ஆங்கிலக் குடியேற்றம் தொடங்கியது. அதுமுதல் 1776இல் விடுதலை அறிவிக்கப்பட்டது வரையிலான ஏறத்தாழ 170 ஆண்டுகள் அமெரிக்க வரலாற்றில் காலனியக் காலம் எனப்படுகின்றன. இக்காலத்து ஆளுநர்கள், போர்கள், வரிச் சட்டங்கள் பற்றிய ஆவணங்கள் மிகுதி. ஆனால் எளிய மக்கள் எக்கலத்தில் உண்டனர், எதன்மேல் அமர்ந்தனர், எங்கு உறங்கினர் என்பனவற்றை எழுதிவைத்தோர் மிகச் சிலரே. எனவே அன்றாட வாழ்வை ஆராய்வோர் வேறு நோக்கத்திற்காக உருவான சான்றுகளையே பெரிதும் சார்ந்திருக்க வேண்டியுள்ளது. அவற்றுள் முதன்மையானது இறந்தோரின் சொத்துப்பட்டியல். அதன் பயனையும் எல்லையையும் அகழாய்வுச் சான்றுகளோடு ஒப்பிட்டு இக்கட்டுரை விளக்குகிறது.

சொத்துப்பட்டியலின் பயன்

சொத்துடைய ஒருவர் இறந்தபின், நீதிமன்ற ஆணைப்படி அவ்வூரார் சிலர் அவரது இல்லத்திற்குச் சென்று பொருள்களை எண்ணி விலை குறித்தனர். கடன் கொடுத்தோர்க்கும் வாரிசுகளுக்கும் உரியதை உறுதிசெய்வதே இதன் நோக்கமாகும். படுக்கை, இரும்புப் பானை, பெட்டி, கால்நடை, உழுகருவி என நீளும் இப்பட்டியல்கள் ஆய்வாளர்க்கு ஒரு வீட்டின் உட்புறத்தையே காட்டுகின்றன. சிறகு மெத்தையிட்ட படுக்கையே பல எளிய வீடுகளில் விலை மிகுந்த பொருளாக இருந்தது. நாற்காலிகள் அரிதாகவே இருந்தன. பொருளியல் வரலாற்றாசிரியர் ஆலிஸ் ஹான்சன் ஜோன்ஸ் 1774ஆம் ஆண்டையொட்டிய 919 பட்டியல்களைக் கொண்டு 13 காலனிகளின் செல்வநிலையை மதிப்பிட்டார். அவரது நூல் 1980இல் வெளிவந்தது.

பட்டியலின் மௌனங்கள்

இப்பட்டியல்கள் சமுதாயம் முழுவதையும் காட்டுவன அல்ல. அக்காலத்து ஆங்கிலச் சட்டப்படி, மணமான பெண்ணின் உடைமை கணவனுக்குரியதாகவே கருதப்பட்டது. ஆகவே பட்டியல்களில் ஆண்களும் கைம்பெண்களுமே பெரிதும் இடம்பெறுகின்றனர். உடைமையற்ற ஏழையர்க்குப் பட்டியல் எழுதப்படுவது அரிது. நியூ இங்கிலாந்துப் பட்டியல்களில் நிலமும் மதிப்பிடப்பட்டது. தென்காலனிகளில் அது பொதுவாக விடுபட்டது. எனவே இரு பகுதிகளின் மொத்தத் தொகைகளை அப்படியே ஒப்பிடுதல் பிழையாகும்.

அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கரின் நிலை இன்னும் கொடியது. அவர்கள் உடைமையாளராக அன்றி உடைமையாகவே பட்டியலில் காணப்படுகின்றனர். கால்நடைகளுக்கு அருகே ஒரு பெயரும் அதற்கு நேரே ஒரு விலையும் இருக்கும். அவர்களுள் பலரைப் பற்றி எழுத்தில் எஞ்சியிருப்பது அவ்வளவே.

மண் கூறும் செய்தி

இவ்விடத்தில் அகழாய்வு துணைசெய்கிறது. எனினும் மண்ணுக்கும் அதற்கே உரிய மௌனம் உண்டு. பியூட்டர் எனும் வெள்ளீயக் கலப்பு உலோகத்தாலான தட்டு உடைந்தால், அதை உருக்கி மீண்டும் வார்ப்பர். அதனால் பட்டியல்களில் பரவலாக உள்ள அத்தட்டு குப்பைக் குழிகளில் அரிதாகவே கிடைக்கிறது. மரத்தட்டு மட்கிவிடும். மலிவான மண்கலமோ பட்டியலில் பெரும்பாலும் தனித்துக் குறிக்கப்படுவதில்லை. ஆனால் அதன் ஓடுகள் மண்ணில் குவிந்து கிடக்கின்றன. ஒன்றை மட்டும் நம்புவோர் ஒரே வீட்டைப் பற்றி வேறுவேறு முடிவுக்கு வரக்கூடும். ஜேம்ஸ் டீட்ஸ் 1977இல் வெளியிட்ட நூலில் எழுத்தாவணத்தையும் மண்ணடிப் பொருளையும் இணைத்தே வாசித்தார். அந்நூலின் தலைப்பே ஒரு பழைய சொத்துப்பட்டியலின் தொடரிலிருந்து எடுக்கப்பட்டதாகும்.

பொருள்கொள்வதில் மாற்றம்

சான்று மாறாமல் இருக்க, விளக்கம் மாறுவதும் உண்டு. வர்ஜீனியாவில் கிடைத்த, கையால் வனைந்து குறைந்த வெப்பத்தில் சுட்ட மண்கலங்களைத் தொல்குடி மக்கள் செய்தவை என 1962இல் ஐவர் நோயெல் ஹியூம் கருதினார். 1970களின் இறுதியிலிருந்து லேலண்ட் ஃபெர்குசன், இவ்வகைக் கலங்களுள் பலவற்றை, குறிப்பாகத் தென் கரோலினாவில் கிடைத்தவற்றை, அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கரே வனைந்திருக்கலாம் என வாதிட்டார். இரு சாராரும் இவற்றை வனைந்தனர் என்ற கருத்து பின்னர் வலுப்பெற்றது. எனினும் எக்கலம் யாருடையது என்ற விவாதம் ஓயவில்லை. விலைப் பொருளாக மட்டுமே எழுதப்பட்டோர் இக்கலங்களின் வழியே வனைந்தோராகவும் சமைத்தோராகவும் அறியப்படுகின்றனர்.

பொதுமக்களுக்கு வரலாற்றை எடுத்துரைப்பதிலும் இம்மாற்றம் காணப்படுகிறது. வில்லியம்ஸ்பர்க் நகரின் மீட்டுருவாக்கம் 1920களில் தொடங்கியது. விடுதலைப் போருக்கு முன் அந்நகர மக்களில் ஏறத்தாழப் பாதியினர் கறுப்பினத்தவர். ஆயினும் அவர்களின் வாழ்வை முறையாக எடுத்துரைக்கும் முயற்சி 1979இல்தான் தொடங்கியது. 1994இல் அங்கு அடிமை ஏலம் நடித்துக் காட்டப்பட்டபோது கடும் எதிர்ப்பும் எழுந்தது. துயரத்தை மறைப்பது தவறு எனில், அதைக் காட்சியாக்குவது முறையா என்ற வினாவை அந்நிகழ்வு எழுப்பியது.

முடிவுரை

சொத்துப்பட்டியல் சட்டத்தின் கண்கொண்டு வீட்டை நோக்குகிறது. மண் கைவிடப்பட்டதை மட்டும் காக்கிறது. எதைக் கூறுகிறது என்பதோடு, யாருக்காக, எதை விடுத்து உருவானது என்பதையும் ஒவ்வொரு சான்றிடமும் வினவுவதே அன்றாட வாழ்வியல் ஆய்வின் அடிப்படை நெறியாகும். அவ்வாறு வினவாத ஆய்வு, அக்காலம் யாரை எண்ணாமல் விட்டதோ அவர்களைத் தானும் எண்ணாமல் விட்டுவிடும்.