சுழி மட்டும் பார்த்தால் போதுமா?

கொங்கு நாட்டில் சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் தேர்த் திருவிழாவும், ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவும் மாட்டுச் சந்தையோடு சேர்ந்தே நடைபெறுகின்றன. காங்கயம் மாடுகளை ஓரிடத்தில் ஒப்பிட்டுப் பார்க்க இவை நல்ல வாய்ப்பு. துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுமுன் உழவர்கள் மாட்டை முறையாகச் சோதிக்க வேண்டும்.

முதலில் கீழ்த்தாடைப் பல்லைப் பார்க்கவும். பால் பல் விழுந்து இரண்டு பல் போட்டிருந்தால் வயது சுமார் 2 முதல் 2½. நாலு பல் என்றால் 3. ஆறு பல் என்றால் 4. எட்டுப் பல்லும் சேர்ந்திருந்தால் 5 எனக் கொள்ளலாம். அடுத்து, சிறிது தூரம் நடத்திப் பார்க்கவும். கால், குளம்பு, கண், மடி ஆகியவற்றில் குறை இருக்கலாகாது. இளங்கன்று செவலையாக இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். காங்கயம் கன்று செந்நிறமாகப் பிறந்து, சுமார் 6 மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும்.

சுழி ஒன்றையே பார்த்து நல்ல கிடாரிகளைக் கழித்துவிடுவோர் பலர். சுழி என்பது மயிர் சுழன்று வளர்ந்திருப்பதே. சினை பிடிப்பதையோ பால் சுரப்பதையோ அது கெடுப்பதில்லை. கழிக்கப்பட்ட கிடாரி அடிமாடாகப் போனால், அதன் வழியில் வரவேண்டிய கன்றுகளும் நம் இனத்துக்கு இல்லாமற்போகும்.

சந்தைக்குக் கொண்டு செல்லும் மாட்டுக்கு 3 வாரம் முன்பே கோமாரித் தடுப்பூசி போட்டுவிட வேண்டும். வாங்கி வந்த மாட்டை 3 வாரம் தனியே கட்டிவைத்து, நோய் ஏதும் இல்லை எனக் கண்டபின் மற்ற மாடுகளோடு சேர்ப்பது நலம்.