ஸ்டேக் ஹவுஸ்: ஒருவருக்கு விருந்து, ஒருவருக்கு வருத்தம்



ஒரே உணவகத்துக்கு ஒரே இரவில் இரு குடும்பத்தினர் செல்கின்றனர். ஒரே பட்டியலைப் பார்த்து ஒரே உணவைக் கேட்கின்றனர். ஒரு குடும்பம் வாயாரப் புகழ்ந்தவாறு வெளியே வருகிறது. மற்றொரு குடும்பமோ, ‘இந்தத் தோல் துண்டுக்கா இத்தனை பணம்?’ என்று மனம் நொந்து வெளியேறுகிறது. மேலை நாட்டு ‘ஸ்டேக் ஹவுஸ்’ எனப்படும் இறைச்சி உணவகங்களைக் குறித்து இத்தகைய இருவேறு தீர்ப்புகள் ஏன் இவ்வளவு மிகுதியாக எழுகின்றன?

நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் பணியின் பொருட்டு அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் குடியேறியுள்ள காலம் இது. அவர்களைக் காணச் செல்லும் பெற்றோரை ஆசையோடு இத்தகைய இடங்களுக்கு அழைத்துச் செல்லும் பிள்ளைகளும் உளர். ஆகவே இதன் உள்விவரங்களை நாம் அறிந்திருத்தல் நன்று.

மறைக்க மசாலா இல்லை

நம் வீட்டு ஆணத்தில் இறைச்சி, இஞ்சியோடும் பூண்டோடும் நெடுநேரம் வேகிறது. ஒரு துண்டு சற்று முற்றலாக இருந்தாலும் வேக்காடும் மசாலாவும் அக்குறையைப் போக்கிவிடும். ஒரு சஹனைச் சுற்றி அமர்ந்தோர் அனைவருக்கும் ஏறத்தாழ ஒரே சுவைதான் கிட்டும். ஸ்டேக்கின் நிலை வேறு. உப்பும் மிளகும் தவிரப் பெரிதாக எதுவும் சேர்ப்பதில்லை. தடித்த ஒரு துண்டு, கடுந்தணல், சில நிமிடங்கள், அவ்வளவே. இறைச்சியில் குறை இருந்தாலும் சமைப்பவரின் கையில் குறை இருந்தாலும் அது தட்டிலேயே வெளிப்பட்டுவிடும்.

மேலும், மாட்டின் உடலில் எல்லாப் பகுதியும் ஒரு தன்மையதன்று. ஓயாது உழைக்கும் தோள், கால் தசைகள் கடினமானவை. முதுகெலும்பின் உட்புறம் அதிகம் அசையாது கிடக்கும் ‘டெண்டர்லாயின்’ மிக மென்மையானது. ஆனால் அதில் கொழுப்பு குறைவு, சுவையும் மெலிது. விலாப்பகுதியின் ‘ரிப் ஐ’ கொழுப்பு மிகுந்தது, சுவையும் மிகுந்தது. அமெரிக்க வேளாண்மைத் துறை 1927 முதல் மாட்டிறைச்சியைத் தரம் பிரித்து முத்திரையிட்டு வருகிறது. சதைக்குள் இழையோடும் கொழுப்பையும் விலங்கின் முதிர்ச்சியையும் கொண்டு அத்தரம் முடிவாகிறது. ‘ப்ரைம்’ முதல் தரம், ‘சாய்ஸ்’ அடுத்தது, ‘செலக்ட்’ அதற்கும் அடுத்தது. தரத்தைக் கேளாமல் விலையை மட்டும் பார்த்து அமர்பவருக்கு ஏமாற்றம் நேர்வதில் வியப்பில்லை.

புகழ்பெற்ற கடைக்கும் தப்பவில்லை

நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் 1887 முதல் நடந்துவரும் ‘பீட்டர் லூகர்’ என்னும் ஸ்டேக் ஹவுஸ் உலகப் புகழ் பெற்றது. 2019ஆம் ஆண்டு அக்டோபரில், ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழின் உணவு விமரிசகர் பீட் வெல்ஸ் அக்கடைக்கு ஒரு நட்சத்திரம்கூட வழங்க மறுத்தார். இறைச்சியின் வேக்காடு சீராக இல்லை என்பது அவர் கூறிய குறைகளுள் ஒன்று. உருளைக்கிழங்கையும் உபசரிப்பையும்கூட அவர் விட்டுவைக்கவில்லை. வாசகர்கள் இரு அணியாயினர். ‘எங்கள் மனத்தில் இருந்ததைச் சொன்னார்’ என்றனர் சிலர். ‘எங்கள் பாட்டனார் காலத்துக் கடையை இழிவுபடுத்தினார்’ என்றனர் வேறு சிலர். 2022இல் ‘மிஷலின்’ வழிகாட்டி நூலும் அக்கடைக்கு அளித்திருந்த நட்சத்திரத்தை விலக்கிக்கொண்டது. ஆயினும் கூட்டம் அங்குச் சென்றுகொண்டுதான் இருக்கிறது.

அக்கடையின் சிறப்பு உணவான ‘போர்ட்டர் ஹவுஸ்’ என்னும் துண்டைப் பாருங்கள். நடுவில் எலும்பு, அதன் ஒருபுறம் மென்மையான டெண்டர்லாயின், மறுபுறம் சற்று உறுதியான ‘ஸ்ட்ரிப்’ தசை. இருவர் பகிர்ந்து உண்டால், ஒருவர் வெண்ணெய் போன்றது என்பார். மற்றவர் மெல்ல வேண்டியிருக்கிறது என்பார். இருவர் கூற்றும் மெய்யே.

‘வெல் டன்’ கேட்போர் கவனத்துக்கு

வேக்காட்டின் அளவை உண்பவரே சொல்ல வேண்டும் என்பது அங்குள்ள வழக்கம். உள்ளே சிவந்திருப்பது ‘ரேர்’, இளஞ்சிவப்பு ‘மீடியம்’, முழுவதும் வெந்தது ‘வெல் டன்’. துண்டின் நடுப்பகுதி ஏறத்தாழ 52 டிகிரி செல்சியஸில் ரேர், 60இல் மீடியம், 71க்கு மேல் வெல் டன். இருபது டிகிரிக்குள் இத்தனை மாற்றம்! அடுப்பிலிருந்து இறக்கிய பின்னும் உட்சூடு சில டிகிரி ஏறும். கொதிக்கும் தட்டில் வைத்துவிட்டு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தால் மீடியம் வெல் டன்னாகிவிடும். அக்குறைக்குச் சமையற்காரர் பொறுப்பல்லர்.

நம்மவருள் பெரும்பாலோர் தட்டில் கசியும் சிவந்த நீரைக் கண்டு அருவருத்து, வெல் டன் கேட்கின்றனர். அது இரத்தம் அன்று. தசையில் உள்ள ‘மயோகுளோபின்’ என்னும் புரதம் கலந்த நீரே அது. விலக்கப்பட்டது ஓடும் இரத்தமே. முறைப்படி அறுத்தபின் சதையில் எஞ்சும் ஈரம் அவ்வகையில் சேராது என்பதே மார்க்க அறிஞர்களுள் பெரும்பாலோரின் கருத்து. எனினும், பிடிக்காததை உண்ணுமாறு எவரும் எவரையும் வற்புறுத்த வேண்டியதில்லை.

ஆனால் ஓர் உண்மையை அறிந்துகொள்ளுங்கள். சமையற்கலைஞர் ஆன்டனி போர்டெய்ன், 1999இல் ‘நியூயார்க்கர்’ இதழில் எழுதிய கட்டுரையில் அடுக்களை இரகசியம் ஒன்றை வெளியிட்டார். நரம்போடிய, பழைய, தரம் தாழ்ந்த துண்டுகளை வெல் டன் கேட்போருக்கென ஒதுக்கி வைக்கும் வழக்கம் உண்டு என்பதே அது. முற்ற வெந்தபின் வேறுபாடு தெரியாது என்ற துணிவு! எல்லாக் கடையும் இப்படி என்று கூறிவிட இயலாது. ஆனால் முழு விலை கொடுப்பவர் முழுத் தரம் பெற உரிமையுடையவர். நன்கு வெந்த இறைச்சியே வேண்டுமென்போர், கொழுப்புச் செறிந்த ரிப் ஐ கேட்கலாம். அது எளிதில் வறண்டுவிடாது. அல்லது நெடுநேரம் குழைய வேகவைத்த விலா எலும்பு உணவைக் கேட்கலாம். நம் நாவுக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

கருவுற்ற பெண்களும் முதியோரும் குழந்தைகளும் அரைவேக்காட்டைத் தவிர்ப்பதே நலம். முழுத்துண்டு இறைச்சி 63 டிகிரி வரை வெந்து மூன்று நிமிடம் ஆறவேண்டும், கொத்திறைச்சி 71 டிகிரியை எட்டவேண்டும் என்பது அமெரிக்க வேளாண்மைத் துறையின் அறிவுரை.

தட்டுக்கு வருமுன் கேட்க வேண்டியவை

அமெரிக்காவின் பொதுவான ஸ்டேக் ஹவுஸ்களில் ஹலால் இறைச்சி கிடைப்பது அரிது. ‘நான் மீன் மட்டும் உண்பேன்’ என்று செல்வோரும் சிலவற்றைக் கேட்டறிய வேண்டும். பன்றி இறைச்சி வாட்டிய அதே கம்பியடுப்பிலா மீனை வாட்டுகின்றனர்? குழம்பில் ஒயினோ பூர்பனோ சேர்கிறதா? சூட்டில் மது முழுவதும் ஆவியாகிவிடும் என்பது தவறான நம்பிக்கை. இரண்டரை மணி நேரம் கொதித்தபின்னும் நூற்றுக்கு ஐந்து பங்களவு எஞ்சக்கூடும் என்பது அவ்வேளாண்மைத் துறையின் கணக்கு. மசித்த உருளைக்கிழங்கின்மீது பன்றிக்கொழுப்புத் தூள் தூவுவதும் உண்டு. இன்று நியூயார்க், லண்டன் போன்ற நகரங்களில் ஹலால் ஸ்டேக் ஹவுஸ்கள் தோன்றியுள்ளன. சிங்கப்பூரில் ‘முயிஸ்’ அமைப்பும் மலேசியாவில் ‘ஜாக்கிம்’ துறையும் சான்றிதழ் வழங்குகின்றன. பெயர்ப்பலகையோடு நின்றுவிடாமல் சான்றிதழையும் பாருங்கள்.

பரிமாறுபவரின் பக்கம்

வருத்தத்துடன் எழும் வாடிக்கையாளர் தம் சினத்தைப் பெரும்பாலும் பரிமாறியவர்மீதே காட்டுகிறார். ‘டிப்ஸ்’ வைக்காது போய்விடுகிறார். அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி, டிப்ஸ் பெறும் ஊழியருக்கு முதலாளி நேரடியாகத் தரவேண்டிய குறைந்த கூலி மணிக்கு 2.13 டாலர், 1991 முதல் அது உயரவேயில்லை. டிப்ஸையும் சேர்த்து 7.25 டாலரை எட்டாவிட்டால் மீதியை முதலாளி ஈடுசெய்ய வேண்டும் என்று விதி உண்டு. பல மாநிலங்களில் கூலி இதனினும் அதிகம். ஆயினும் பலருடைய அன்றாட வாழ்வு நம் மேசையில் மிஞ்சும் அந்தச் சில டாலர்களில்தான் ஓடுகிறது. இறைச்சியைத் தெரிவு செய்தவரும் அவரல்லர், வாட்டியவரும் அவரல்லர்.

ஆகவே வாசகர்களே, உணவை இகழ்வது வேறு, உரிமையைக் கேட்பது வேறு. வேக்காடு நாம் கேட்டபடி இல்லையெனில் முதல் துண்டை வெட்டியவுடனேயே மென்மையாகச் சொல்லுங்கள். பெரும்பாலான கடைகள் மறுப்பின்றி மாற்றித் தரும். முக்கால் பங்கை உண்டு முடித்தபின் குறை கூறுவது முறையன்று. வெளியே வந்து பிறரிடம் சொல்லும்போதும், எந்தத் துண்டைக் கேட்டோம், எந்த வேக்காட்டில் கேட்டோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நம் சொல்லை நம்பி மற்றொரு குடும்பம் பணத்தைச் செலவிடப்போகிறது. நம் சொல்லால் ஓர் ஏழைத் தொழிலாளியின் வேலை போகவும் கூடும். இரண்டையும் எண்ணிப் பேசுவதே நீதி.