கலக்கிக் காட்டிய பிறகே அது மருந்து

கைக்குழந்தைக்குப் பேதி என்று ஆஸ்பத்திரிக்கு ஓடிவரும் தாய் பெரும்பாலும் முதலில் கேட்பது, "டிரிப்ஸ் ஏத்துவீங்களா, சிஸ்டர்?" என்பதுதான். அதற்குப் பதிலாக ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டைக் கையில் கொடுத்து அனுப்பினால், வைத்தியமே பார்க்கவில்லை என்ற மனக்குறையோடு வீடு திரும்புகிறார். பாக்கெட் அலமாரியில் கிடக்கிறது, குழந்தை மேலும் வாடுகிறது. அந்தப் பொடியை மருந்தாக மாற்றுவது, பக்கத்தில் உட்கார்ந்து கலக்கிக் காட்டும் செவிலியரின் பத்து நிமிடம். குழந்தைகள் பராமரிப்பில் அந்தப் பத்து நிமிடத்துக்கு ஈடாக நான் சொல்லக்கூடியவை மிகச் சில.

பேதியில் குழந்தையின் உயிரைப் பெரும்பாலும் பறிப்பது, உடம்பிலிருந்து வடிந்துபோகும் நீரும் உப்பும்தான். பத்து கிலோ எடையுள்ள குழந்தை ஒரு லிட்டர் நீரை இழந்தால், எடையில் பத்தில் ஒரு பங்கு போயிற்று. கண் குழிந்து, உச்சிக்குழி இறங்கி, அழுதாலும் கண்ணீர் வராத நிலை அது. சிறு உடம்பில் இது ஒரே நாளில் நடந்துவிடும்.

வெறும் தண்ணீர் கொடுத்தால் இந்த இழப்பு சரியாகாது. குடல் சுவரில் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்தே உள்ளே இழுக்கும் ஒரு வழி இருக்கிறது என்று 1960இல் ராபர்ட் கிரேன் என்ற உயிர்வேதியியலாளர் எடுத்துச் சொன்னார். இரண்டும் ஜோடியாக உள்ளே போகும்போது தண்ணீரும் பின்தொடர்கிறது. காலரா நஞ்சு குடலைத் தாக்கிய நிலையிலும் இந்த வழி அடைபடுவதில்லை. ஓ.ஆர்.எஸ்.ஸில் சர்க்கரை சேர்ப்பது ருசிக்காக அல்ல, உப்பை உள்ளே கொண்டுபோகத்தான். உலக சுகாதார நிறுவனம் இப்போது பரிந்துரைக்கும் அளவு, லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் சாப்பாட்டு உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சோடியம் சிட்ரேட்.

இந்த அளவு தவறுவது பெரும்பாலும் வீட்டில்தான். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டைப் பிரித்து, "கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துக்கலாம்" என்று ஒரு டம்ளரில் ஒரு ஸ்பூன் போடுகிறார்கள். சிலர் முழுப் பாக்கெட்டையும் அரை லிட்டரில் கொட்டுகிறார்கள். இரத்தத்தில் உப்பு கூடினால் குழந்தைக்கு வலிப்புகூட வரலாம். நீர்க்கக் கலந்தாலோ பலன் குறையும். குழந்தை முகம் சுளிக்கிறது என்று மேலே இரண்டு ஸ்பூன் சர்க்கரை போடுவதும் உண்டு. அந்தச் சர்க்கரை குடலுக்குள் நீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். 200 மி.லி.க்கான சின்னப் பாக்கெட்டும் கடையில் கிடைப்பதால், எத்தனை தண்ணீர் என்பதை உறையில் படித்துப் பார்த்தே தீர வேண்டும். அனுபவமுள்ள செவிலியர் "ஒரு லிட்டரில் கலக்குங்க" என்று சொல்லி நிறுத்த மாட்டார். "உங்க வீட்ல ஒரு லிட்டர் அளக்க எது இருக்கு?" என்று கேட்பார். தண்ணீர் பாட்டில், பால் அளக்கும் படி, எதுவானாலும் அதை வைத்தே விளக்குவார். பிறகு தாயையே கலக்கச் சொல்லிப் பார்ப்பார். காய்ச்சி ஆறவைத்த நீரில் மொத்தப் பொடியையும் ஒரே தடவையாகக் கரைக்க வேண்டும், கலந்த பிறகு கொதிக்கவைக்கக் கூடாது, 24 மணி நேரம் கடந்தால் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்.

கொடுக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். இரண்டு வயதுக்குள் என்றால் ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மி.லி., அதற்கு மேல் 100 முதல் 200 மி.லி. ஒரே மடக்கில் அல்ல. கைக்குழந்தைக்கு ஸ்பூனாலோ பாலாடையாலோ நிமிடத்துக்கு ஒரு வாய். நிப்பிள் பாட்டில் வேண்டாம். வாந்தி எடுத்தால் "வயிறு ஏத்துக்கல" என்று நிறுத்திவிடுவதுதான் வழக்கம். பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாக மறுபடி கொடுக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. சாப்பிடும் வயதுக் குழந்தைக்கு இட்லியும் பருப்புச் சாதமும் மோர் சாதமும் தாராளமாகக் கொடுக்கலாம்.

நம் ஊரில் பேதி என்றதும் "பல் முளைக்குது, அப்படித்தான் போகும்" என்பார்கள். தொக்கம் எடுக்கக் கூட்டிப்போவார்கள். உரம் விழுந்திருக்கிறது என்று சேலையில் போட்டு உருட்டுவார்கள். இவற்றில் கழிவது குழந்தைக்கு மிக முக்கியமான சில மணி நேரம். ஆனால் இதற்காகத் தாயை எல்லோர் முன்னாலும் கடிந்துகொண்டால், அடுத்த முறை அவர் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவே தயங்குவார். "இருக்கட்டும் பாட்டி, இப்ப இதைக் கொடுங்க" என்று கூட வந்த மூதாட்டியின் கையிலேயே ஸ்பூனைக் கொடுக்கும் செவிலியர்தான் ஜெயிக்கிறார். வீட்டில் முடிவெடுப்பவர் பல நேரம் அந்தப் பாட்டிதானே.

சொந்தக்காரர்கள் கையால் கொடுத்தே உயிர் காக்கலாம் என்பது 1971இல் நிரூபணமானது. கிழக்குப் பாகிஸ்தான் போரிலிருந்து தப்பி வந்த அகதிகள் மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் காலராவால் செத்துக்கொண்டிருந்தார்கள். நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மஹலநாபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் பொட்டலமாகக் கட்டவைத்து, பெரிய டிரம்களில் கரைத்து, நோயாளிகளின் உறவினர்களையே எடுத்துக் கொடுக்கச் சொன்னார். முப்பது சதவீதம் வரை இருந்த மரணம் 3.6 சதவீதமாக இறங்கியது. அவர் மறைந்தது 2022இல், பத்ம விபூஷண் கொடுத்தது 2023இல். இவ்வளவு தாமதமாக என்பதை நினைத்தால் வருத்தமாகவே இருக்கிறது.

இப்படிக் கரைத்துக் கொடுப்பதை வீடுதோறும் கற்பிக்க முடியும் என்று காட்டியது வங்கதேசத்தின் பிராக் அமைப்பு. 1980 முதல் பத்தாண்டுகளில் ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகளுக்கு அதன் பெண் பணியாளர்கள் நடந்தே போய், மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர் என்று கரைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு கண்காணிப்பாளர்கள் போய், அந்தத் தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று கேட்பார்கள். பணியாளருக்குச் சம்பளம் அதைப் பொறுத்தே. அப்படியும் தொடக்கத்தில், கற்ற தாய்மார்களில் பலர் அதைச் செய்யவில்லை. விசாரித்தபோது, சொல்லிக்கொடுத்தவர்களுக்கே முழு நம்பிக்கை இல்லை என்று தெரிந்தது. இது ஏன் வேலை செய்கிறது என்பதை முதலில் அவர்களுக்கு விளக்கினார்கள். ஆண்களையும் கூட்டிப் பேசினார்கள். அதன் பிறகே பழக்கம் பரவியது.

நம்மிடமும் இந்தப் பிரச்சினை தீரவில்லை. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, பேதி கண்ட இந்தியக் குழந்தைகளில் சுமார் அறுபது சதவீதத்தினரே ஓ.ஆர்.எஸ். பெற்றார்கள். கர்நாடகத்திலும் பீகாரிலும் நடத்தி 2024இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு, இதற்குப் பெரிய காரணம் கையிருப்பு இல்லாததோ லாப நோக்கமோ அல்ல என்றது. பெற்றோர் இதை விரும்ப மாட்டார்கள் என்று மருத்துவம் பார்ப்பவரே எண்ணிக்கொள்வதுதான் காரணமாம். "ஓ.ஆர்.எஸ். கொடுங்க" என்று பெற்றோரே கேட்டால், எழுதிக்கொடுப்பது கணிசமாகக் கூடியது. ஆகவே தாய்க்குக் கற்பிப்பது மருத்துவரின் கையையும் மாற்றுகிறது.

மெடிக்கல் ஷாப்பில் இன்னொரு குழப்பமும் இருந்தது. பழரசம்போல் இனிக்கும் பானங்கள் பெயரில் 'ஓ.ஆர்.எஸ்.' என்று போட்டுக்கொண்டு விற்றன. அவற்றில் சர்க்கரை பல மடங்கு அதிகம். ஹைதராபாத் குழந்தைகள் மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் போராடிய பின், 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அப்படிப் பெயர் போடுவதற்குத் தடை விதித்தது. ஆனாலும் வாங்கும்போது, உலக சுகாதார நிறுவன அளவுப்படி தயாரித்தது என்று உறையில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவதே நல்லது.

கூடவே தரும் துத்தநாக மாத்திரையை, பேதி நின்றதும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஆறு மாதத்துக்கு மேல் நாளுக்கு 20 மி.கி., அதற்குள் 10 மி.கி., மொத்தம் 14 நாள் கொடுக்க வேண்டும். பேதி நின்ற பிறகும் தொடர்வது, அடுத்த சில மாதங்களில் அது திரும்ப வருவதைக் குறைப்பதற்காகத்தான்.

வீட்டு வைத்தியத்துக்கு எல்லையும் உண்டு. குழந்தை துவண்டு எழுப்ப முடியாமல் இருந்தால், குடிக்க முடியாமல் போனால், குடித்ததெல்லாம் வாந்தியானால், மலத்தில் இரத்தம் தெரிந்தால், வயிற்றுத் தோல் கிள்ளி விட்டபின் மெதுவாகத் திரும்பினால், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றால், நரம்பில் ஏற்றுவதோ வேறு சிகிச்சையோ தேவைப்படலாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். குழந்தை விழித்திருந்து விழுங்குகிறது என்றால், வண்டியில் போகும்போதும் மடியில் வைத்து ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்துக்கொண்டே போகலாம்.